பால் வண்டியின் செயின் ஏன் அறுகிறது?

கேள்வி: “எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வீட்டில் 4 கறவை மாடுகள். எங்கள் பாலோடு தெருவில் சில வீட்டுப் பாலையும் சேர்த்து, காலையும் மாலையும் 100 சிசி பைக்கில் 2 கேன் கட்டி சொசைட்டிக்குக் கொண்டுபோகிறேன். வயல், கடைவீதி எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடும். ஒன்றரை வருடத்தில் 2 செயின் மாற்றிவிட்டேன். போன மாதம் பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது செயினும் அறுந்து, வண்டி சாய்ந்து, ஒரு வேளைப் பால் முழுக்க ரோட்டில் போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு முழங்கையில் அடி. நான் வாரம் தவறாமல் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த கம்பெனி செயின் வாங்கினால் நிற்கும்? இதையெல்லாம் வேளாண்மை அலுவலரிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை.”

பதில்: தாராளமாகக் கேட்கலாம். இன்றைக்குக் கிராமத்தில் ஓய்வே இல்லாமல் உழைக்கிற பண்ணைக் கருவி எது என்று கேட்டால் நான் பைக்கைத்தான் சொல்வேன். பால், புல்லுக்கட்டு, உர மூட்டை, விதை, மருந்து, சந்தைக்குப் போகும் காய்கறி எல்லாம் அதில்தான் போகிறது. டிராக்டருக்கு கிரீஸ் அடிக்க மறக்காதவர்கள்கூட பைக் செயினை அறுந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உங்கள் மனைவிக்குப் பெரிய அடி இல்லை என்பதே முதல் ஆறுதல். இனி செயினுக்கு வருவோம். கம்பெனியை மாற்றுவதால் உங்கள் பிரச்னை தீராது. நல்ல செயின் முறையாகப் பராமரித்தால் 20,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுவது சாதாரணம். உங்களுடையது 6, 7 மாதத்தில் போகிறது. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காரணங்களில் முதலாவது அந்தப் பழைய இன்ஜின் ஆயில்.

செயினை வெளியிலிருந்து பார்த்தால் இரும்புத் தகடுகள்தான் தெரியும். உள்ளே ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது. பின்னைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷுக்கு மேல் சுற்றும் ரோலர். பல் சக்கரத்தில் செயின் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசும். எண்ணெய் தேவைப்படுவது அந்த இடுக்கில்தான். வெளித்தகட்டில் எவ்வளவு எண்ணெய் வழிந்தாலும் துரு பிடிக்காமல் காக்குமே தவிர, தேய்மானத்தைக் குறைக்காது.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வார். இரும்புத் தகடு ரப்பர் போல நீள்வதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பின்கள் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தேய்ந்து, அத்தனையும் சேர்ந்துதான் அந்த நீளமாகத் தெரிகிறது.

அந்த இடுக்கைத் தேய்ப்பது மணல். மண் என்றால் எல்லாம் ஒன்றல்ல. உங்கள் ஊர்க் களிமண் தனியாக அவ்வளவு கெடுதல் செய்யாது. அதன் துகள் மிக நுண்ணியது. வாய்க்கால் மணலும் ரோட்டோர மணலும்தான் எதிரி. மணல் துகளில் பெரும்பங்கு குவார்ட்ஸ். சாதாரண இரும்பைக் கீறக்கூடிய கடினம் அதற்கு உண்டு. காய்ந்த மணல் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். எண்ணெயில் ஒட்டிய மணல் உதிராது. அழுக்கைத் துடைக்காமல் அதன் மேலேயே வாரா வாரம் எண்ணெய் ஊற்றினால், மணலும் எண்ணெயும் குழைந்து சாணைக்கல் மாவாகிவிடும். செயின் ஓட ஓட அரைபடும். அதிலும் இன்ஜினிலிருந்து இறக்கிய எண்ணெயில் ஏற்கெனவே இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும். அது மருந்தல்ல, நோய். கிரீஸும் அப்படித்தான். கெட்டியாக இருப்பதால் இடுக்குக்குள் போகாது, வெளியே அப்பிக்கொண்டு மணலை வாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

உரம் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுப்பவை. மூட்டைத் தையலிலிருந்து கொட்டும் பொட்டாஷ் செயினில் விழுந்தால் உப்பு விழுந்த மாதிரிதான். 2 நாளில் செம்பழுப்பாகத் துரு காட்டும். உரம் ஏற்றிய அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் காட்டிவிடுங்கள்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவதற்கு முன் ஒரு கண்டிப்பான வார்த்தை. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிறார்கள். வேலை 2 நிமிடத்தில் முடிகிறதாம். துணியின் ஒரு முனை பல் சக்கரத்தில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அரை நொடிகூடக் கிடைக்காது. என் பணிக்காலத்தில் இப்படி விரல் நுனியை இழந்த 2 பேரைப் பார்த்திருக்கிறேன். இருவருமே பால் கறக்கிறவர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் போடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை டயரைப் பிடித்துக் கையால்தான் சுற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அவர்களுக்குச் சுற்றும் சக்கரம் என்றால் கை வைக்கத்தான் தோன்றும்.

செயின் கவர் முழுதாக மூடியிருக்கும் வண்டி என்றால் போல்ட்டுகளைக் கழற்றி கவரை எடுத்துவிடுங்கள். கீழே ஒரு பழைய சாக்கு விரியுங்கள். அரை டம்ளர் மண்ணெண்ணெய் போதும். ரேஷனில் கிடைக்கவில்லை என்றால் டீசல். பெட்ரோல் வேண்டாம். தீப்பற்றும் என்பது முதல் காரணம். சில பெரிய வண்டிகளின் செயினில் தகடுகளுக்கு நடுவே சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும்; பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பது இரண்டாவது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, செயினின் மேல், கீழ், உள்பக்கம், வெளிப்பக்கம் நாலையும் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. கறுப்பு மசி கரைந்து வரும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒரு முழுச் சுற்று முடியுங்கள். பின் பல் சக்கரத்தின் பல் இடுக்குகளையும் விடாதீர்கள். டயரிலோ பிரேக் டிரம் பக்கமோ மண்ணெண்ணெய் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்துக் கால் மணி நேரம் காயவிடுங்கள். அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றடியிலோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ கொட்டாதீர்கள். சாம்பலில் ஊற்றி உறிஞ்சவிட்டு, கால்நடை வராத இடத்தில் போடுங்கள்.

இனி எண்ணெய். டிராக்டர், பவர் டில்லர் வைத்திருப்பவர் வீட்டில் கட்டாயம் இருக்கும் கியர் ஆயில் 90, அதுவே போதும். பல வண்டிகளின் கையேட்டிலேயே இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பிரே டப்பாதான் வேண்டும் என்பதில்லை. புதிய எண்ணெயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாக, ஒவ்வொரு ரோலரின் 2 ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். உள்பக்கம் விட்டால், வண்டி ஓடும்போது சுழற்சியில் எண்ணெய் தானாக வெளிநோக்கி இடுக்குகளுக்குள் போகும். வெளிப்பக்கம் விட்டால் வேட்டியில் தெறிக்கும். சக்கரத்தை நாலைந்து முறை சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, வெளியே வழிவதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தகடு வெளியே கிட்டத்தட்ட காய்ந்திருக்க வேண்டும், உள்ளேதான் எண்ணெய் இருக்க வேண்டும். மாலைப் பால் கொடுத்துவிட்டு வந்ததும், செயின் வெதுவெதுப்பாக இருக்கையில் செய்தால் எண்ணெய் நன்றாக இறங்கும். இரவு முழுக்க ஊறவும் நேரம் கிடைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. நீங்கள் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், கணக்குப் போட்டால் 2 வாரத்துக்குச் சற்றே மேல். இந்த இதழ் வீட்டுக்கு வரும் நாளில் செயினைப் பாருங்கள், கணக்கு சரியாகிவிடும். நடவுச் சேற்றில் இறங்கிய நாளும் மழையில் நனைந்த நாளும் இந்தக் கணக்கில் சேராது. அன்றைக்கே கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

இரண்டாவது காரணம், செயினின் இறுக்கம். வண்டி காலியாக நிற்கும்போது மெக்கானிக் செயினை விறைப்பாக இறுக்கிவிடுகிறார். அதில் நீங்களும் மனைவியும் 2 கேனும் ஏறினால் பின்புறம் அமுங்கும். அப்போது 2 பல் சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடும். ஏற்கெனவே விறைப்பாக இருந்த செயினுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. பின்னும் தேயும், கியர்பாக்ஸ் பேரிங்கும் அடிவாங்கும். ஏற்றத்தில் திருகும்போது பலவீனமான ஒரு கண்ணி போய்விடும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து, கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. சக்கரத்தைச் சுற்றி 3, 4 இடத்தில் பாருங்கள். எங்கே அதிக இறுக்கமோ அங்கே இந்த அளவு இருக்க வேண்டும். பின் சக்கரத்தை நகர்த்தினால் 2 பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். பின் பிரேக்கையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இதை மெக்கானிக்கிடமே விடுங்கள், ‘பாரம் ஏற்றுகிற வண்டி’ என்று சொல்லி.

மூன்றாவது, 3 முறையும் செயினை மட்டும் மாற்றினீர்களா, பல் சக்கரங்களையும் சேர்த்தா? கடிதத்தில் செயின் என்று மட்டும் இருக்கிறது. பழைய பல் சக்கரத்தைப் பாருங்கள். பல் நுனி ஒரு பக்கம் சாய்ந்து அரிவாள் மூக்கு போல வளைந்திருந்தால், அதன் மேல் எந்தப் புதுச் செயினைப் போட்டாலும் சீக்கிரமே தின்றுவிடும். முன்னும் பின்னும் செயினும் சேர்ந்த செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அன்றைக்கு மிச்சம் பிடிக்கிற பணம் 6 மாதத்தில் கையை விட்டுப் போகும். ஒரு வேளைப் பாலின் விலையையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று வீட்டிலேயே அளக்கலாம். செயின் தகட்டில் 428 என்று இருந்தால், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். விறைப்பாகப் பிடித்து 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை டேப் வைத்தால், புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 259-ஐத் தொட்டுவிட்டால் இனி அதை நம்பி மனைவியையும் பாலையும் ஏற்றாதீர்கள்.

செயின் லாக் இருக்கும் வண்டி என்றால் அதையும் ஒருமுறை பாருங்கள். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். அதாவது லாக் மேல் ஓட்டத்தில் இருக்கையில், கிளிப்பின் பிளந்த வாய் பின் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். அறுந்த செயினை இன்னும் வைத்திருந்தால், தகடு உடைந்திருக்கிறதா, லாக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கும்.

கேள்வி: “செயின் கவர் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று மெக்கானிக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அது இல்லாமல் ஓட்டலாமா?” - பெரம்பலூர் மாவட்ட வாசகி

பதில்: ஓட்டாதீர்கள். பெரும்பாலும் ஒரு போல்ட்டோ ரப்பர் வாஷரோ போனதால் வரும் சத்தம் அது. அதைப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கவர் தூசியைத் தடுக்கிறது என்பதைவிட, சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் தடுக்கிறது என்பதே முக்கியம். துணி செயினில் சிக்கினால் அது ஆளையும் சேர்த்து இழுக்கும். மெக்கானிக் வீட்டுப் பெண்களும் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள்தானே, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: “அந்தக் காலத்தில் மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய் போட்டோம். செயினுக்கும் போடலாமா? தேங்காய் எண்ணெய்?” - தாராபுரம் வாசகர்

பதில்: வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மசகு போட்டது நல்ல முறைதான். ஆனால் மாட்டு வண்டி நடந்த வேகம் வேறு. பைக் செயினில் விளக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும்.

இதே வாசகர், பவர் ஸ்பிரேயரை வைத்துச் செயினைக் கழுவலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். அழுத்தமான தண்ணீர் மணலை இடுக்குக்குள்தான் தள்ளும். அந்த டேங்கில் டீசலை ஊற்றிப் பீய்ச்சும் யோசனையும் வேண்டாம். ஸ்பிரேயரின் வாஷர்கள் ஊறிக் கெடும். மிச்சமிருக்கும் பூச்சிமருந்து உங்கள் கையிலும் வண்டியிலும் படும். அடுத்த முறை அதே டேங்கில் மருந்து கலந்து அடிக்கும்போது டீசல் வாடையோடு பயிர் இலையும் கருகும்.