சோம்பலா, சுரப்பியின் குறையா?

மனிதரின் நடத்தையை மதிப்பிடுங்கால் உலகம் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாளுகிறது. ஒன்று பிறவிக் குணம், மற்றது வளர்ப்பு. வகுப்பிலே சோர்ந்து அமர்ந்திருக்கும் சிறுவனைச் சோம்பேறி என்றும், கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்து விடையளிக்கும் சிறுமியை மந்தபுத்தியுள்ளவள் என்றும் முடிவு கட்டுவது எளிது. கிராமத்தில் எந்தப் புதுமுயற்சிக்கும் மக்கள் முன்வராவிடில், அவ்வூராரே அக்கறையற்றவர்கள் என்று அறிக்கை எழுதுவதும் எளிது. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவர்களுடைய உடல் எந்நிலையில் இருக்கிறது? இக்கேள்வியைக் கேளாமல் வழங்கப்படும் தீர்ப்பு விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது.

இதற்குத் தைராய்டு சுரப்பியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது இச்சுரப்பி. அது உண்டாக்கும் தைராக்சின் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்து, உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை வரையறுக்கிறது. அது மிகுந்தால் கைகள் நடுங்கும், உறக்கம் கெடும், நன்றாக உண்டாலும் உடல் மெலியும், அற்பக் காரணத்துக்கும் சினம் மூளும். அது குறைந்தாலோ, உடல் குளிரைத் தாங்காது, பேச்சும் நடையும் தளரும், நினைவு மங்கும், எதிலும் நாட்டம் குன்றும். முன்னவரை முன்கோபி என்றும் பின்னவரைச் சோம்பேறி என்றும் அயலார் அழைப்பர். இருவருடைய குணத்திலும் குறை இல்லாதிருக்கலாம்.

இவ்வுண்மை எளிதாக வெளிப்பட்டுவிடவில்லை. ஸ்விட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலையால் துன்புற்ற பலருக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக அகற்றினார். அறுவை வெற்றியே. எனினும் பின்னர் அந்நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் உடல் தடித்து, சிந்தனை மந்தித்து, முன்னிருந்த சுறுசுறுப்பை இழந்து நின்றனர். தம் கைத்திறமையே அவர்களுடைய மனத்தை முடக்கிவிட்டது என்பதைக் கோக்கர் 1883ஆம் ஆண்டில் மறைக்காமல் வெளியிட்டார். சுரப்பியை முழுவதும் அகற்றும் முறையையும் கைவிட்டார். அவருக்கு 1909ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், இச்சுரப்பி குன்றிய மாது ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். மந்தமாயிருந்த அம்மாது தெளிவு பெற்று, அதன்பின் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வாழ்ந்தார். உபதேசத்தால் வாராத ஊக்கம் சில துளிச் சாற்றால் வந்தது.

தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் இன்றேல் தைராக்சின் இல்லை. வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் மட்டுமே. எழுபதாண்டு வாழ்வு முழுவதற்கும் கூட்டினாலும் அது நான்கு கிராம் ஆவதில்லை. ஆயினும் ஒரேயடியாக உண்டு ஆயுள் முழுதும் சேமித்துக்கொள்ளும் ஆற்றல் உடலுக்கு இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைத்தல் வேண்டும். கிடைக்காதபோது, மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை இடைவிடாது தூண்டுகிறது. அத்தூண்டுதலால் தைராய்டு பருத்து, கழுத்தில் கழலையாகப் புடைக்கிறது. கழலை என்பது அச்சுரப்பியின் சோம்பலைக் காட்டுவதன்று. மூலப்பொருள் இன்றியும் உழைக்க முயலும் அதன் வருத்தத்தைக் காட்டுவது.

இமயமலையின் அடிவாரம் நெடுகிலும் இவ்வருத்தம் தலைமுறை தலைமுறையாக நிலவிற்று. பனியாறுகளும் பெருமழையும் மலைமண்ணிலிருந்த அயோடினை அரித்துக் கொண்டு சென்றுவிட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது உண்போர் உடலிலும் இல்லை. 1956ஆம் ஆண்டில், அன்று பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்ததும் இன்று இமாசலப் பிரதேசத்தில் அடங்கியதுமான காங்க்ரா பள்ளத்தாக்கில், பேராசிரியர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஆறாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அயோடின் உப்பைப் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை நோய் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியிருந்தது. சாதாரண உப்பைப் பெற்ற பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, அங்கும் நோய் தணியலாயிற்று. 1962ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் குறைவால் வரும் தீங்கு கழுத்தோடு நிற்பதன்று என்பது தெளிவானபின், 1992ஆம் ஆண்டு அத்திட்டம் அயோடின் குறைபாட்டு நோய்கள் தடுப்புத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இப்பெயர் மாற்றத்தில்தான் பொருளின் முழு ஆழமும் இருக்கிறது. கழலை கண்ணுக்குத் தெரியும். மூளைக்கு நேரும் குறை தெரியாது. கருவிலிருக்கும் சிசு, முதல் மாதங்களில் தனக்கு வேண்டிய தைராக்சினைத் தாயின் இரத்தத்திலிருந்தே பெறுகிறது. அதன் சொந்தச் சுரப்பி போதிய அளவு தொழிற்படத் தொடங்குவது கர்ப்பகாலத்தின் நடுப்பகுதியை ஒட்டியே ஆகும். மூளையின் உயிரணுக்கள் பெருகித் தத்தம் இடங்களில் அமைவதும் இதே காலத்தில்தான். அப்போது தாய்க்கு அயோடின் மிகவும் போதாதிருந்தால், குழந்தை செவிடாகவும் ஊமையாகவும் அறிவு வளராததாகவும் பிறக்கக்கூடும். குறை சிறிதாயின் இத்தகைய அடையாளம் எதுவும் இராது. குழந்தை ஓடும், ஆடும், பள்ளிக்கும் வரும். ஆனால் அது எட்டியிருக்கக்கூடிய உயரத்தை எட்டாது. அந்த இழப்பைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுவதும் ஈடுசெய்ய இயலாது. கண்டிப்பான ஆசிரியராலும் இயலாது. கனிவான ஆசிரியராலும் இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுரப்பிகளே மனிதனை முற்றிலும் ஆள்கின்றன என்று கொள்வது, குணமே எல்லாம் என்று கொள்வதைப் போன்றே தவறாகும். பின்தங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தைராய்டுக் குறை இராது. சிலருக்குப் பசி, சிலருக்கு இரத்தசோகை, சிலருக்குப் பார்வைக் குறைவு, சிலருக்குக் காதில் சீழ், இன்னும் சிலருக்கு வீட்டில் அமைதியின்மை. நல்ல கற்பித்தலும் அன்பான சூழலும் உடற்குறையுள்ள குழந்தையையும் வெகுதூரம் அழைத்துச் செல்லக்கூடியவை. ஆகவே, உடலைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைக் கைவிடுவதற்கு விஞ்ஞானம் இடம் தரவில்லை. பழி சுமத்துமுன் காரணத்தைத் தேடு என்பதே அதன் கட்டளை.

அயோடின் உப்பைச் சட்டத்தால் வற்புறுத்துவது தகுமா என்ற வினாவும் எழுந்துள்ளது. உண்ணும் உப்பைத் தெரிந்துகொள்வது குடிமக்களின் உரிமை என்ற கருத்தின் பேரில், அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதன்மீது இருந்த தடை 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் மீண்டும் விதிக்கப்பட்டது. எதிர்ப்புரைத்தோரின் வாதங்கள் அனைத்தும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. சிறு உப்பள உற்பத்தியாளருக்கு இதனால் செலவும் சிரமமும் உண்டு. நெடுங்காலம் அயோடின் குறைந்திருந்த இடங்களில், முதியோர் சிலருக்குச் சுரப்பி மிகையாகத் தொழிற்படும் நிலை தோன்றுவதும் உண்டு. அத்தகையோர் மருத்துவரின் ஆலோசனையை நாட வேண்டும். ஆனால், உரிமையைப் பற்றிய வாதத்தில் ஒரு குறை இருக்கிறது. உப்பைத் தெரிந்தெடுப்பவர் வேறு. அதன் பலனை அடைபவர் வேறு. கருவிலுள்ள சிசு கடைக்குச் சென்று உப்பு வாங்குவதில்லை. எவருக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பே இல்லையோ, அவருக்காகச் சமூகம் முன்கூட்டியே முடிவு செய்வது அடக்குமுறை ஆகாது, கடமையாகும்.

அக்கடமை இன்னும் முற்றுப்பெறவில்லை. 2018-19ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் 76.3 சதவீதம் எனக் கண்டறியப்பட்டது. உப்பு விளைவிப்பதில் பெயர்பெற்ற தமிழ்நாட்டில் அது 61.9 சதவீதமாகவே இருந்தது. உப்பளத்துக்கு அருகில் வாழ்வோர் கல்லுப்பை மலிவாகப் பெறுகின்றனர்; கடற்கரையில் உள்ளவருக்கு அயோடின் குறையாது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. கடல்நீரிலிருந்து எடுத்த உப்பிலேயே வேண்டிய அயோடின் இருக்கும் என்பது பிழையான நம்பிக்கை. நீர் ஆவியாகி உப்பு விளையும்போது அதில் தங்கும் அயோடின் மிகச் சொற்பமே. ஆதலால்தான் பொட்டாசியம் அயோடேட் என்னும் பொருள் தனியாகச் சேர்க்கப்படுகிறது. தொழிற்சாலையில் பத்து லட்சம் பங்குக்கு 30 பங்கும், வீட்டை அடையும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

களப்பணியாளர் செய்யத்தக்கது பெரிதன்று, ஆனால் இன்றியமையாதது. சோதனைக் கரைசலில் ஒரு துளியை உப்பின்மேல் விட்டால், அயோடின் இருப்பின் நீலநிறம் தோன்றும். அத்துளி கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் முதலில் விழட்டும். உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் அடுப்பின் வெப்பமும் படாத இடத்தில் வைக்கும் வழக்கத்தை அவ்வீட்டார் கண்முன்னே செய்து காட்டுதல் நன்று. உப்பை மிகுதியாக உண்ணச் சொல்வது இதன் கருத்தன்று. உண்ணும் சிறிதளவும் அயோடின் உள்ளதாக இருக்க வேண்டும் என்பதே.

ஆசிரியருக்கும் ஒரு பணி உண்டு. வீட்டு உப்பில் ஒரு சிட்டிகையைக் கொண்டுவரச் செய்து இச்சோதனையை வகுப்பிலேயே நடத்தினால், ஒரே பாடத்தில் இரசாயனமும் உடல்நூலும் குடிமைப் பண்பும் விளங்கும்; நீலநிறம் தோன்றாத உப்பின் செய்தி அன்று மாலையே தாயின் செவியை எட்டும். அதனினும் முக்கியமானது வேறொன்று. ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே சோம்பேறி என்ற சொல்லை எழுதுமுன், அவனுடைய கழுத்தையும் கண்ணையும் காதையும் உணவையும் பற்றி ஒருமுறையேனும் விசாரித்தல் வேண்டும். ஐயமிருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். பிறந்தபின் சுரப்பி குன்றிய குழந்தைகளுக்குத் தைராக்சின் மாத்திரை பெரும்பயன் அளிக்கும். எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நன்மை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அயோடின் இல்லாத உப்பினால் கெடுவது பண்டம் அன்று, குழந்தையின் அறிவு. பள்ளி தொடங்குவது அகரம் எழுதும் நாளில் அன்று. தாயின் உணவில் அது தொடங்குகிறது. அங்கே நேர்ந்த குறைக்கு இங்கே குழந்தையைத் தண்டிப்பது தகாது. அக்குறை நேராமல் காப்பது ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் பொதுவான பணியாகும்.