சேரி முனையில் நிற்குமா அந்த ஊர்தி?

காலை 7 மணிக்கு நடவுக்குக் கிளம்பும் தாய், பழைய சேலையைக் கிழித்து மகனின் இடுப்பில் சுற்றி, மறுமுனையை வீட்டுத் தூணில் கட்டிவிட்டுப் போகிறார். பேச்சு வராத, கிணறும் சாலையும் ஆபத்து என்று அறியாத பிள்ளை. நம் சேரிகளுக்கு இது புதிய காட்சியல்ல. யாராவது செல்பேசியில் படமெடுத்துப் பரப்பினால் அதிகாரிகள் அன்றே வருவார்கள். தாயைக் கண்டித்துவிட்டுப் போவார்கள். அன்றைய அரிசிக்கு வழி சொல்ல மாட்டார்கள்.

கிணற்றுக்கு மட்டும் பயந்து கட்டப்பட்ட துணியல்ல அது. ஊர்த்தெருப் பிள்ளை அடுத்த வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். சேரிப் பிள்ளை கோயில் வாசலுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ போய்விட்டால்? சாதியின் எல்லை எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தாய்க்குத் தெரியும். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னால் இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே எழுதத் தயங்கும் காவல் நிலையத்தில் இதை யார் எழுதுவார்கள்?

உதவிகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். அதற்காகக் கூட்டத்தைக் கண்டாலே அலறும் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி நகரத்துக்குப் போக வேண்டும். மருத்துவர் விடுப்பு என்றால் இன்னொரு நாள், இன்னொரு கூலி. சாதிச் சான்றுக்கு அலைந்து பழகியவர்கள்தான் நாம். அதற்காக இதையும் பழகிக்கொள்ள முடியாது.

உரிமைகள் திட்டத்தின்கீழ் விழுதுகள் மையங்களும், பயிற்சியாளர்களுடன் ஊர் ஊராகச் செல்லும் ஊர்திகளும் வந்துள்ளன. வரவேற்கிறோம். அந்த ஊர்தி பேருந்து நிறுத்தத்தோடு திரும்பாமல் சேரி முனையில், கூலி வேலை முடிந்த மாலையில் நிற்க வேண்டும். சேரியின் சமுதாயக்கூடத்தில் பகல்நேரப் பராமரிப்பு மையம் வேண்டும். அங்கேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால், நாலைந்து தாய்மார் நிம்மதியாக வேலைக்குப் போவார்கள். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்க இடமில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கச் சொல்லும் சட்டம் 2024இலேயே வந்துவிட்டது.

பிள்ளைக்கு 18 வயதான பிறகு, “எனக்குப் பின் இவனுக்கு யார்?” என்ற கேள்வி தாயைத் தூங்க விடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தை ஆட்சியர் ஒரு சேரியில் நடத்தட்டும். நாளைச் சொன்னால் போதும், பாய் விரித்து வைக்கிறோம்.