எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்ப்போம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால், வீடு, கிணறு, தோட்டம் என்று சொல்லத் தொடங்குவார்கள். சற்றுநேரம் இருந்து கதைத்தால் மாட்டின் பேச்சு வரும். அவிழ்த்துவிட்டு வந்த மாடு, அவிழ்க்கவும் நேரமில்லாமற் போன மாடு என்று சொல்லிக் கண்கலங்குவார்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் படிவத்தில் இடம் உண்டு. அந்த மாடு எந்த இனம், அதன் வழி வந்தவை ஊரில் இன்னும் உண்டா என்று கேட்கும் படிவம் எதையும் நான் கண்டதில்லை. இது ஒரு பெரிய குறை என்பது என் கருத்து. இதனை விளக்குவதற்கு, எம்மைப்போல நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வேறொரு மக்களின் வரலாற்றையும், அவர்கள் காப்பாற்றிய ஒரு சிறு குதிரையின் வரலாற்றையும் இங்கு சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் எரிஸ்கே என்றொரு தீவு உண்டு. அதன் நீளம் நான்கு கிலோமீற்றர் அளவுதான். பாறையும் காற்றும் மிகுந்த இடம். கேலிக் மொழி பேசும் அம்மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அதற்கு வடக்கே தென் யூயிஸ்ட் என்ற பெரிய தீவு உள்ளது. 1838ஆம் ஆண்டில் கேணல் ஜோன் கோர்டன் என்ற செல்வந்தர் அப்பெரிய தீவை விலைக்கு வாங்கினார். குடியானவர் தரும் குத்தகையிலும் பார்க்கச் செம்மறியாட்டுப் பண்ணை அதிக இலாபம் தரும் என்று கணக்கிட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கு பயிர் செய்தவர்களை வெளியேற்றினார். உருளைக்கிழங்கு நோயினால் பஞ்சம் நிலவிய காலம் அது. 1851இல் பலர் கட்டாயமாகக் கப்பலேற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். வேறு குடும்பங்கள் எரிஸ்கேயில் ஒதுங்கின. செம்மறி வளர்க்கவும் உதவாத நிலம் என்று கழிக்கப்பட்டதாலேயே அது அவர்களுக்குக் கிடைத்தது.

அந்த நிலத்தில் அவர்கள் உயிர்வாழத் துணைநின்றது ஒரு மட்டக்குதிரை. அதன் உயரம் நான்கு அடிக்கும் நாலரை அடிக்கும் இடைப்பட்டது. பிறக்கும்போது குட்டி கறுப்பாகவோ கபில நிறமாகவோ இருக்கும். வளர வளரப் பெரும்பாலானவை சாம்பல் நிறமாகி வெளுத்துவிடும். மழைநீர் உட்புகாத அடர்ந்த உரோமம் உடையது. வேறு குதிரை மெலிந்துபோகும் மேய்ச்சலில் இது உடல் தேறும். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்தி விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண்ணை, இருபக்கமும் கூடை தொங்கவிட்டு இதன் முதுகிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தனர். கரையொதுங்கும் கடற்தாவரத்தை வயலுக்கு எருவாகச் சுமந்ததும் இதுவே. எமது தீவகத்தில் சாதாழை அள்ளித் தோட்டத்துக்கு இட்டவர்களுக்கு அந்தப் பாரம் எத்தகையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆண்கள் கடற்றொழிலுக்குப் போய்விட, பெண்களும் சிறுவர்களுமே குதிரையைப் பிடித்து வேலை வாங்கினர். முரட்டுக் குதிரையை அவர்களால் வைத்திருக்க முடியாது. ஆகவே சாந்தமானவையே வீட்டில் நின்றன, அவற்றின் குட்டிகளே பெருகின. அந்த இனம் இன்றும் அமைதிக்குப் பேர்போனது.

ஏனைய தீவுகளில் நடந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய குதிரை வேண்டும் என்று நோர்வே நாட்டுக் குதிரை, அறேபியக் குதிரை, கிளைட்ஸ்டேல் என்னும் பாரமிழுக்கும் குதிரை ஆகியவற்றைக் கொண்டுவந்து கலந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அத்தீவுகளில் பழைய இனம் கலப்பில் மறைந்தது. பின்னர் உழவு இயந்திரம் வந்ததும் பெரிய குதிரைக்கும் வேலையில்லாமற் போயிற்று. போக்குவரத்து வசதியற்ற எரிஸ்கேயில் மட்டும் பழைய இனம் தப்பியது. அங்கும் காலப்போக்கில் இயந்திரங்கள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் எஞ்சியவை ஏறக்குறைய இருபது குதிரைகள் மட்டுமே.

அந்நிலையில் தீவின் குருவானவர் ஒருவரும், ஒரு வைத்தியரும், ஒரு மிருக வைத்தியரும், ஒரு விஞ்ஞானியும், சிறு விவசாயிகளும் ஒன்றுகூடினார்கள். எஞ்சியவற்றை எண்ணினார்கள். எது எதன் குட்டி என்று பதிவேடு எழுதினார்கள். எந்தப் பெண்குதிரையை எந்தப் பொலிகுதிரையுடன் சேர்ப்பது என்று கலந்து பேசி முடிவெடுத்தார்கள். இன்று அந்த இனத்தில் சில நூறு குதிரைகள் உள்ளன. அழியும் ஆபத்து இன்னும் நீங்கவில்லை. ஆயினும் இனம் உயிரோடிருக்கிறது.

இதைக் கேட்கும்போது எமது நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் உங்கள் நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கு நிற்கும் குதிரைகளின் வழிவந்தவை அவை. பழைய குதிரை லாயத்தின் தூண்களை இப்போதும் அங்கு காணலாம். 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பிறகும் வரட்சி ஆண்டுகளில் நீரின்றிக் குதிரைகள் இறந்தன. எரிஸ்கேக் குதிரைக்கு ஒரு வீடும் ஒரு வேலையும் இருந்தன. நெடுந்தீவுக் குதிரைக்கு அவை இரண்டும் இல்லை. சட்டம் வேண்டியதுதான். ஆனால் கிணறு வற்றும் நாளில் தொட்டியில் தண்ணீர் நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அதே ஊரவராகத்தான் இருக்கமுடியும்.

எம்மில் பெரும்பாலோருக்குக் குதிரையோடு தொடர்பில்லை. எமக்கு உரியவை நாட்டு மாடும், நாட்டு ஆடும், யாழ்ப்பாணச் செம்மறியும்தான். ஊர்திரும்பும் குடும்பத்துக்கு வாழ்வாதார உதவியாகக் கலப்பினப் பசு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நான் குறைகூறவில்லை. பிள்ளைக்குப் பால் வேண்டும், விற்று நாலு காசும் பார்க்கவேண்டும். நாட்டுப் பசு கறக்கும் பால் கொஞ்சம் என்பதும் உண்மையே. ஆனால் கலப்பினப் பசுவுக்குப் பசும்புல்லும், தவிடு புண்ணாக்கும், நிழலும், வைத்தியரும் வேண்டும். வேலியில்லாத, கிணறு துப்புரவாக்கப்படாத வளவில் இவை எங்கிருந்து வரும்? உரித்தாளர் இல்லாத காலத்திலும் பற்றைக்குள் மேய்ந்து, குளத்தில் குடித்து, கன்றீன்று தப்பியது நாட்டு மாடு. அதனைக் கட்டாக்காலி என்று பிடித்து இறைச்சிக்கு விற்றுவிட்டால், பிறகு எந்தத் திட்டத்தின் மூலமும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆகையால் ஊர் திரும்பியவர்களிடமும், திரும்பக் காத்திருப்பவர்களிடமும் நான் கேட்பது மூன்று காரியங்கள். முதலாவது, உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒருநாள் கூடி, ஊரில் எஞ்சிய நாட்டு மாடு ஆடுகளை எண்ணி ஒரு கொப்பியில் எழுதட்டும். பழைய குறியைப் பார்த்து இது இன்னார் பட்டி என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இது நடக்கவேண்டும். இரண்டாவது, நல்ல நாம்பன்கள் ஒன்றிரண்டை விற்காமலும் நலம் அடிக்காமலும் ஊருக்குப் பொதுவாக நிறுத்துங்கள். கலப்பினப் பசு வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். ஆனால் எல்லாப் பசுக்களையும் ஒரே காலத்தில் கலப்புக்கு விடாதீர்கள். மூன்றாவது, காணிப் பங்கீடு பற்றிப் பேசும்போது மேய்ச்சல் தரவையையும் கேளுங்கள். வீட்டுக் காணி கிடைத்து, தரவை பறிபோனால் பட்டி நிலைக்காது.

மூன்றாவது காரியத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்கொட்லாந்தின் சிறு விவசாயிகள் பல்லாண்டு போராடிய பின், 1886ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை இனி இலேசில் வெளியேற்ற முடியாது என்று உறுதி செய்தது. அந்த உறுதி இல்லாதிருந்தால் குதிரை கட்டவும் அவர்களுக்கு இடம் இருந்திராது. 2006ஆம் ஆண்டில், கோர்டன் மக்களைத் துரத்திய தென் யூயிஸ்ட் நிலத்தையும் எரிஸ்கேயையும் அங்கு வாழும் மக்களே தங்கள் பொது நிறுவனம் ஒன்றின் மூலம் விலைக்கு வாங்கிக்கொண்டனர். 1851இலிருந்து கணக்கிட்டால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டது.

எமக்கு அவ்வளவு காலம் செல்லக்கூடாது என்பதே எமது வேண்டுதலும் முயற்சியும். காணி விடுவிப்பு எம் கையில் மட்டும் இல்லை. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுபோவது எம் கையில் இருக்கிறது.