போன் கேட்கட்டும், நீங்கள் எழுதுங்கள்!



"போனைக் கீழே வை, நோட்டை எடு!" இந்த வாரம் இதை எத்தனை முறை கேட்டீர்கள்? போனும் நோட்டும் ஜென்ம விரோதிகள் என்று பெரியவர்கள் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. போனை வைத்துக்கொண்டே உங்களை நிறைய எழுத வைக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதுவது என்றால் ஏன் கசக்கிறது? சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெருவில் நாய் துரத்திய கதையை நண்பனிடம் கால் மணி நேரம் மூச்சு விடாமல் சொல்கிறீர்கள். அதையே ஐந்து வரியில் எழுதச் சொன்னால் பேனா மூடியைக் கடிக்கிறீர்கள். ஏன்? சொல்லும்போது எதிரே ஒருவன் வாயைப் பிளந்து கேட்கிறான். "அப்புறம் என்னடா ஆச்சு?" என்கிறான். எழுதும்போது எதிரே யாரும் இல்லை. எழுதி முடித்தால் படிக்கப் போவது ஆசிரியர் ஒருவர்தான். அவரும் சிவப்பு மையோடுதான் வருவார்!

'நான் சென்ற உல்லாசப் பயணம்' என்ற கட்டுரையை எத்தனையோ வருடம் திருத்தியிருக்கிறேன். நாற்பது நோட்டு இருந்தால் நாற்பது பேரும் மாமல்லபுரம்தான் போயிருப்பார்கள். நாற்பது பேரும் அதிகாலை எழுந்து, புளியோதரை கட்டிக்கொண்டு, மாலையில் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் மாமல்லபுரத்தைப் பார்த்ததே கிடையாது. எல்லாரும் நோட்ஸில் ஏறிப் போய் வந்த பயணம் அது!

இந்தச் சிக்கலை ஓர் இயந்திரத்தை வைத்துத் தீர்த்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் செலஸ்தேன் ஃப்ரெனே. பிரான்ஸ் நாட்டுக்காரர், 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். 1920-ல் பார்-சூர்-லூ என்ற மலை ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி நடப்பார். வயல், ஓடை, பட்டறை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வழியெல்லாம் பிள்ளைகள் ஓயாமல் பேசுவார்கள். வகுப்புக்குத் திரும்பிப் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் முகம் வாடிவிடும். புத்தகத்தில் இருந்த ஊர் அவர்கள் ஊராக இல்லையே!

1924-ல் அவர் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, விரும்பியதை எழுதினார்கள். எழுதியதை வகுப்பில் வாசித்தார்கள். எதை அச்சடிக்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த கட்டுரையை எல்லாரும் சேர்ந்து திருத்தினார்கள். பிறகு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். அந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அச்சில் அப்படியே பல்லை இளிக்கும். அதனால் எழுத்துப் பிழையை அவர்களே தேடிப் பிடித்தார்கள். பிரம்பு இல்லாமலே பிழை திருத்தம்! எங்கள் காலத்து ஆசிரியர்கள் சிலருக்கு இது தெரிந்திருக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. 1926-ல் நாட்டின் மறுகோடியில், பிரிட்டானி என்ற கடலோரப் பகுதியில், ரெனே டேனியல் என்ற ஆசிரியரும் தன் வகுப்பில் இதே வேலையைத் தொடங்கினார். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் அச்சடித்த தாள்களைத் தபாலில் மாற்றிக்கொண்டார்கள். மலையூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்கரை ஊர் புதிது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை புதிது. இப்போது 'எங்கள் ஊர்' என்று எழுதினால் அது வெறும் கட்டுரை இல்லை. தெரியாத ஒருவனுக்குத் தெரிந்ததைச் சொல்வது. அந்தப் பக்கத்தில் ஒருவன் காத்திருக்கிறான். பிறகு எழுதாமல் இருப்பார்களா?

அந்த அச்சு இயந்திரத்தையும் தபால்காரரையும் சேர்த்து ஒரே சின்னப் பெட்டியில் அடைத்தால் அதுதான் இன்றைய போன். என்ன செய்ய வேண்டும், கேளுங்கள்.

போனில் குரலைப் பதிவு செய்யும் வசதி இருக்கும். அதைத் திறந்து, நாய் துரத்திய கதையைச் சொல்லுங்கள். திக்கினாலும் பரவாயில்லை. இரண்டு நிமிடம் போதும். பிறகு போட்டுக் கேளுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். சிரித்து முடித்த பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதுங்கள். எழுதுகிறவனுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், யோசித்ததை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், லகரமா ளகரமா என்று எழுத்தையும் பார்க்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைப் போன் வாங்கிக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

எழுதும்போது பேச்சு அப்படியே வரலாமா என்று கேட்பீர்கள். கதையில் வரும் ஆள் பேசுகிற இடத்தில் தாராளமாக வரட்டும். "ஐயோ, கடிக்க வருதுடா!" என்று கத்தியவனை "அந்தோ, கடிக்க வருகிறதே!" என்று கத்த வைக்காதீர்கள். மற்ற இடத்தில் எழுத்துத் தமிழ் இருக்கட்டும். பேசினால் தானே எழுத்தாக மாற்றும் வசதியும் போனில் உண்டு. அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். கைக்கு வேலை வேண்டாமா?

நோட்டில் முடித்த பிறகு தட்டச்சு செய்யலாம். இங்கே எனக்கு ஒரு பிடிவாதம். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் தமிழாக மாற்றாதீர்கள். தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை கணினியிலும் பல போன்களிலும் கிடைக்கும். அதில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலது பக்கம். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து'. உயிர் மெய்யோடு சேர்ந்தால் உயிர்மெய் என்று வகுப்பில் படித்தது விரலுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, அனுப்புவது. வேறு ஊரில் இருக்கும் அத்தை மகனோ சித்தி மகளோ போதும். தாத்தா பாட்டியும் நல்ல வாசகர்கள். தெரியாதவர்களுக்கு அனுப்பக் கூடாது. பள்ளி, வீட்டு முகவரி, உங்கள் போட்டோ எதையும் பொது இடத்தில் போடவும் கூடாது. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது அனுப்புங்கள். "எங்கள் வீட்டில் ஒரே போன், அப்பா ராத்திரிதான் வருவார்" என்கிறீர்களா? நல்லதாகப் போயிற்று. பத்து நிமிடம் இரவல் கேளுங்கள். மீதி வேலையெல்லாம் நோட்டில்தானே!

இப்போது அந்த நிபந்தனை. தலைப்பைக் கொடுத்தால் முழுக் கட்டுரையையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் 2022 கடைசியிலிருந்து வேகமாகப் பரவிவிட்டன. 'என் பாட்டி' என்று கேட்டால் நொடியில் தரும். "என் பாட்டி அன்பானவர், தினமும் கதை சொல்வார்" என்று பிழையில்லாமல் தரும். மறுபடியும் நாற்பது பேரும் மாமல்லபுரம் போன கதைதான்! உங்கள் பாட்டி சீரியல் ஓடும்போது மட்டும் காது நன்றாகக் கேட்பவராக இருக்கலாம். முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்து வைப்பார் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அந்த மென்பொருள் உங்கள் பாட்டியைப் பார்த்ததே இல்லையே. நீங்கள் எழுதாவிட்டால் முறுக்கு டப்பா ரகசியம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால்தான் அது எழுதக் கூடாது, நீங்கள்தான் எழுத வேண்டும் என்கிறேன்.

வேண்டுமானால் ஒன்று செய்யலாம். பெரியவர் துணையோடு, நீங்கள் எழுதியதை அதற்குக் காட்டி, "இதைப் பற்றி என்னிடம் ஐந்து கேள்வி கேள், நீ எழுதாதே" என்று சொல்லுங்கள். 'நாய் என்ன நிறம்?', 'நீ எந்தப் பக்கம் ஓடினாய்?' என்று கேட்கும். பதிலை நீங்கள் நோட்டில் சேர்த்தால் ஐந்து வரி பத்து வரியாகும். நண்பன் "அப்புறம்?" என்று கேட்டானே, அதே வேலைதான். நண்பன் பக்கத்திலேயே இருந்தால் அவனையே கேட்கச் சொல்லுங்கள். அவன் இன்னும் நன்றாகக் கேட்பான்.

பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற இதழ்களைத் தொடங்கியது. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கான இதழ்கள் அவை. அதுபோல உங்கள் வகுப்புக்கே ஒன்று தொடங்க அச்சகம் வேண்டாம். மாதம் எட்டுப் பக்கம் போதும். எதைப் போடலாம் என்று ஃப்ரெனே வகுப்பைப் போல ஓட்டுப் போடுங்கள். தட்டச்சு செய்து ஒரே ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். டீச்சரிடம் சொல்லி இன்னொரு பிரதியை வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்புங்கள். நீங்கள் வயல் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் கடற்கரை ஊர்ப் பள்ளியாகப் பாருங்கள். அவர்கள் வலை உலர்த்துவதைப் பற்றி எழுதட்டும், நீங்கள் நெல் காயப் போடுவதைப் பற்றி எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் டீச்சரை விட்டுப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். போன் அதற்கும்தானே இருக்கிறது!