முமியா அபு-ஜமால்: தண்டனைக்கு எல்லை உண்டா?

2014 அக்டோபரில் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்திலுள்ள கொடார்ட் கல்லூரியில் பட்டமளிப்பு விழா நடந்தது. சிறப்புரை ஆற்ற மாணவர்கள் தேர்ந்தெடுத்த பேச்சாளர் மேடைக்கு வரவில்லை. அவர் பென்சில்வேனியா மாநிலச் சிறையில் இருந்தார். பதிவு செய்யப்பட்ட அவரது குரல் மட்டுமே அரங்கில் ஒலித்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. பென்சில்வேனியா ஒரு புதிய சட்டத்தையே இயற்றிவிட்டது. குற்றவாளி ஒருவரின் நடத்தை பாதிக்கப்பட்டவர்களுக்கு மன வேதனை தந்தால், அதைத் தடுக்க வழக்குத் தொடுக்கலாம் என்றது அச்சட்டம். பேச்சும் அதில் அடக்கம். 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றம், இது பேச்சுரிமைக்கு எதிரானது எனக் கூறி அதை ரத்து செய்தது.

ஒரு கைதியின் பேச்சுக்கு ஏன் இத்தனை அச்சம்? அந்தக் கைதி முமியா அபு-ஜமால்.

வழக்கு என்ன?

பிலடெல்பியாவைச் சேர்ந்த முமியா, பதின்ம வயதிலேயே கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்தவர். பின்னர் வானொலிச் செய்தியாளரானார். 1981 டிசம்பர் 9-ஆம் தேதி அதிகாலையில் டேனியல் ஃபால்க்னர் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடத்திலேயே குண்டுக் காயத்துடன் முமியா கைதானார். 1982-இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தாம் கொலை செய்யவில்லை என்கிறார் அவர்.

அம்னெஸ்டி இண்டர்நேஷனல் 2000-ஆம் ஆண்டில் இவ்வழக்கை ஆராய்ந்தது. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று அது கூறவில்லை. ஆனால், விசாரணை அனைத்துலகத் தரத்துக்கு ஏற்ப நடைபெறவில்லை என்றும் மறுவிசாரணை தேவை என்றும் அறிவித்தது. 2018 டிசம்பரில் அரசு வழக்கறிஞர் அலுவலகக் கிடங்கில், இவ்வழக்கு தொடர்பான ஆறு பெட்டி ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் ஒரு சாட்சி, தமக்குச் சேர வேண்டிய பணத்தைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதமும் இருந்தது. எனினும் 2023-இல் நீதிமன்றம் மறுவிசாரணைக் கோரிக்கையை நிராகரித்தது.

2011 இறுதியில் அரசுத் தரப்பு மரண தண்டனைக் கோரிக்கையைக் கைவிட்டதால், அது ஆயுள் தண்டனையானது. அதற்குள் ஏறத்தாழ 30 ஆண்டுகளை அவர் தனிமைச் சிறையில் கழித்துவிட்டார். தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்கின்றன ஐ.நா.வின் மண்டேலா விதிகள்.

சிறைக்குள் செய்த பணி

முமியா சிறையிலிருந்தே பல நூல்களை எழுதினார். சட்டம் கற்றுச் சக கைதிகளுக்காகப் போராடும் கைதிகளைப் பற்றி 2009-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான மருந்து மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 2017-இல் அவருக்குச் சிகிச்சை அளிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. இதே நோயுள்ள மற்ற கைதிகளுக்கும் சிகிச்சை வழங்க அம்மாநிலம் பின்னர் உடன்பட்டது.

ஏன் விடுதலை?

இன்று அவருக்கு வயது 70-ஐக் கடந்துவிட்டது. 2021-இல் கோவிட் தொற்றுக்கு ஆளானார்; அதே ஆண்டு இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். பென்சில்வேனியாவில் ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறைதான், பரோல் கிடையாது. ஐவர் கொண்ட மன்னிப்பு வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்தால் மட்டுமே ஆளுநர் தண்டனையைக் குறைக்க முடியும். ஒருவர் மறுத்தாலும் கதவு மூடிவிடும்.

ஃபால்க்னரின் குடும்பத்தாரும் போலீஸ் சங்கமும் விடுதலையை இன்றும் எதிர்க்கின்றனர். ஓர் உயிரை இழந்தவர்களின் துயரை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் குற்றவாளியா என்பது ஒன்று. குற்றவாளியே ஆனாலும், நோயுற்ற முதியவரை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அடைத்து வைப்பதால் யாருக்குப் பாதுகாப்பு என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல, முதல் கேள்வி தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மலேசியா இதில் ஒரு முடிவை எடுத்துவிட்டது. 2023-இல் கட்டாய மரண தண்டனையை அகற்றியபோது, இயற்கை மரணம்வரை சிறை என்ற தண்டனையையும் சேர்த்தே நீக்கியது. அதற்குப் பதிலாக வந்தது 30 முதல் 40 ஆண்டுச் சிறை. கடுமையான தண்டனைதான், ஆனாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. அந்த 40 ஆண்டுகளையும் முமியா எப்போதோ கடந்துவிட்டார்.

சட்டம், சமூகவியல், இதழியல் பயிலும் மாணவர்கள் இவ்வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும். இரு தரப்பு வாதங்களையும் படிக்க வேண்டும். பென்சில்வேனியாவின் ஆளுநரும் மன்னிப்பு வாரியமும் அவரை விடுவிக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. விடுதலை செய்வதால் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அழிந்துவிடாது. தண்டித்தது போதும் என்று சொல்லவும் ஓர் அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.