துளையிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

மாண்புமிகு மத்தியப் புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்:

2025 செப்டம்பரில் தாங்கள் வெளியிட்ட தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையை மனமார வரவேற்கிறோம். பொழுது சாய்ந்தால் சூரிய மின்சாரம் இல்லை. காற்று ஓய்ந்தால் காற்றாலை நின்றுவிடும். பூமிக்கடியில் இருக்கும் சூட்டுக்கு இரவு பகல் கிடையாது. நாடெங்கும் 381 வெந்நீர் ஊற்றுகள் கணக்கில் உள்ளன; அவற்றைக் கொண்டு 10,600 மெகாவாட் வரை கிடைக்கலாம் என்கிறது மதிப்பீடு. நிலக்கரியை விட்டு விலக வேண்டிய நாட்டுக்கு இது பெரிய சொத்து. அதைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் எழுதுகிறோம்.

தென்கொரியாவின் போஹாங் நகரத்தைத் தங்கள் அதிகாரிகள் அறிவார்கள். அங்கே நாலு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்த சூடான பாறைக்குள் உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, பாறையை விரியவைத்து வெப்பம் எடுக்கப் பார்த்தார்கள். நிலத்தடியில் பழைய பிளவுகள் இறுகிக் கிடக்கும். நீரழுத்தம் அங்கே போய்ச் சேர்ந்தால் இரு பக்கப் பாறைகளின் பிடி தளர்ந்து, பிளவு வழுக்கிவிடும். 2017 ஏப்ரலில் 3 ரிக்டரைத் தாண்டிய அதிர்வு ஒன்று வந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மறுபடி தண்ணீர் உள்ளே போனது. நவம்பர் 15 அன்று 5.5 அளவில் நிலம் குலுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மறுநாள் நடக்கவிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வீடிழந்தவர்களில் சிலர் உள்விளையாட்டரங்கத்துக்குள் சிறு கூடாரங்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினார்கள். துளைக்குள் செலுத்திய தண்ணீர்தான் நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று அரசே அமைத்த ஆய்வுக்குழு 2019 மார்ச்சில் அறிவித்தது.

எச்சரிக்கை வந்தும் அதைக் கேட்டு வால்வை மூடச் சொல்லும் அதிகாரம் படைத்த, திட்டத்தில் லாப நட்டம் இல்லாத ஒருவர் அங்கே இல்லாமல் போனதுதான் எங்களை உறுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் தண்ணீர் செலுத்துவதை நிறுத்திய பிறகும் 3.4 அளவில் அதிர்ந்தது. ஆய்வுக்குப் பின் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நிறுத்துவதிலும் காலம் தவறக் கூடாது.

ஐஸ்லாந்தின் ஹெல்லிஷேய்டி புவிவெப்ப நிலையத்திலும் பயன்படுத்திய நீரை மீண்டும் பூமிக்குள் விட்டபோது 2011இல் சுற்றுவட்டாரம் அதிர்ந்தது. அதன் பிறகு அங்கே நீர் செலுத்துவதற்கென்று நடைமுறை வகுத்தார்கள். அதே நிலையத்தில்தான் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துக் பசால்ட் எரிமலைப் பாறைக்குள் அனுப்பி, அதன் பெரும்பகுதியை இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாக்கியும் காட்டினார்கள். கண்காணிப்பை இறுக்கியதால் திட்டம் முடங்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறோம். லடாக்கின் புகா பள்ளத்தாக்கு 4,400 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கப் பகுதியில் இருக்கிறது. பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்களுக்கு அந்த ஓடைத் தண்ணீர்தான் ஆதாரம். 2022 ஆகஸ்டில் அங்கே புவிவெப்பத்துக்காகத் துளையிடும்போது வெளிவந்த கலவை அந்த ஓடையில் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. வெந்நீர் ஊற்றுகளில் ஆர்செனிக், போரான் போன்றவை கலந்திருப்பது சகஜம். அடியிலிருந்து வந்த நீரை அடியிலேயே திருப்பி விடும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளையும் புவிவெப்பத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது கொள்கை. இங்கேதான் எங்கள் காவிரிப் படுகை நினைவுக்கு வருகிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதையும், கேட்கப் போனவர்கள் மீது தடியடி நடந்ததையும் டெல்டா மறக்கவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பெயர் சொல்லித் தடுப்பது எண்ணெய், எரிவாயு வகைத் துளைகளைத்தான். பழைய கிணற்றை வேறு பெயரில் திறக்கலாமா என்ற சந்தேகம் விவசாயிக்கு வருவது நியாயமே. டெல்டாவில் அந்தச் சட்டத்தின் உணர்வுக்கு மாறாக எதுவும் நடக்காது என்று அமைச்சகம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நாங்கள் கேட்பவை அதிகமில்லை. துளை போடுவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே அதிர்வுமானிகளைப் பொருத்தி, கிணற்று நீரையும் ஓடை நீரையும் பரிசோதித்துப் பதிவு செய்யுங்கள். பழைய அளவு தெரியாமல் பின்னால் வரும் கேட்டை யாரும் நிரூபிக்க முடியாது. பதிவாகும் அதிர்வுகள் அன்றன்றைக்கே பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பதை உரிமத்திலேயே எழுதி, நிறுத்தும் அதிகாரத்தைத் திட்டம் நடத்தும் நிறுவனத்துக்கு வெளியே உள்ள அமைப்பிடம் கொடுங்கள்.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் நிலம் அதிர்ந்து வீடுகள் விரிசல் விட்டன. விரிசலுக்குக் காரணம் நிறுவனம்தான் என்று வீட்டுக்காரரே ஆண்டுக்கணக்கில் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 இறுதியில் சட்டத்தைத் திருத்தி, தன் வேலை காரணமில்லை என்று காட்டும் பொறுப்பை நிறுவனத்தின் மீது போட்டார்கள். அந்த எரிவாயுக் களம் 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தியது. ஏராளமான வீடுகள் விரிசல் விட்ட பிறகு அவர்கள் எழுதிய அந்த விதியை, இங்கே முதல் துளைக்கு முன்பே உரிமத்தில் சேர்த்து, லடாக்கியிலும் தமிழிலும் வெளியிடுங்கள்.