ஐந்து வயதுவரை காத்திருந்தால்

குமரகுருபரர் ஐந்து வயதுவரை வாய் திறக்கவில்லையாம்; திருச்செந்தூர் முருகன் சந்நிதியில்தான் பேச்சு வந்ததாம். பிற்காலத்தில் சிதம்பரத்தில் தங்கிச் செய்யுட்கோவை பாடியவர் அவர். இந்தக் கதை தெரியாத வீட்டில் வேறொரு கதை இருக்கும்: “இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்.” நாக்கில் வசம்பு தடவியாகிவிடும், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாகிவிடும். காது கேட்கிறதா என்று பார்ப்பது மட்டும் தள்ளிப்போகும்.

பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியதே செவித்திறன் சோதனை. பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். 6 வயதுக்குள் வந்துவிட வேண்டும். அதிலும் மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகளிலேயே பொருத்தினால்தான் பலன் அதிகம். குமரகுருபரரை நம்பிக் காத்திருக்கும் வீட்டில், அந்தக் காலம் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் குழந்தையைக் கூர்ந்து பார்த்த மரபுதான் நம்முடையது. பிள்ளைத்தமிழின் பருவங்களே சாட்சி. ஐந்தாம் மாதம் தலை தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடை போடும் வருகை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட அட்டவணையிலும் தலை நிற்பது, கை தட்டுவது, நடப்பது எல்லாம் உண்டு. 2 வயதுவரைக்கான அதில் இருப்பவை 17 செயல்கள்தான். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தினால், அதற்கு இடப்பக்கம் முடியும் செயல்களை எல்லாம் குழந்தை செய்திருக்க வேண்டும். படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் புரியும் கணக்கு.

அம்புலிப் பருவம் இன்னும் சுவையானது. நிலாவை நீட்டிக் காட்டும் அம்மாவின் விரல் போகும் திசையில் குழந்தை பார்க்கிறதா, ஒன்றரை வயதில் தானே விரல் நீட்டிக் காட்டுகிறதா? ஆட்டிசத்தைக் கண்டறியும் சோதனைகளில் முக்கியமான கேள்விகள் இவை.

தாமதம் எல்லாம் நோயல்ல. 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோலின்படி, தானாக நடக்கத் தொடங்குவது 8 மாதத்திலும் இருக்கலாம், 17 மாதம் கடந்தும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பதறத் தேவையில்லை. ஆனால் “பொறுத்துப் பார்ப்போம்” என்பதை ஆராய்ந்த பிறகு மருத்துவர் சொல்ல வேண்டும், திண்ணையில் உட்கார்ந்து உறவினர் சொல்லக் கூடாது.

கண்டுபிடிக்க ஏற்பாடு இல்லாமலில்லை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியானது. உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய ‘உரிமைகள்’ திட்டத்திலும் கடலூர் முதல் கட்டத்திலேயே இடம்பெற்றது.

சிக்கல் அதற்குப் பிறகு. குறை கண்டறிந்த குழந்தைக்குத் தரவேண்டிய பயிற்சி, ஊசி போல ஒருநாள் வேலையல்ல. வாரந்தோறும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது. கிள்ளையிலிருந்தோ காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ குழந்தையை இடுப்பில் சுமந்து இரண்டு பேருந்து மாறிச் சிதம்பரம் வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகிறது. நான்காவது வாரம் அவர் வராவிட்டால் அது அலட்சியமல்ல, கணக்கு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு வழி காட்டியிருக்கிறது: ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கு வருகிறார், பிசியோதெரபி போன்ற துறைகளின் வல்லுநர்கள் பின்னால் நின்று வழிநடத்துகிறார்கள், குழந்தையின் முன்னேற்றம் கைப்பேசிச் செயலியில் பதிவாகிறது.

எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கையை அரசு தயங்காமல் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்தும் பயிற்சி தொடர்கிறது என்பதை வட்டார வாரியாக அதே அறிக்கையில் சேர்க்கட்டும். காட்டுமன்னார்கோவிலுக்கு எத்தனை பயிற்சியாளர் தேவை என்பது அப்போது தானே தெரிந்துவிடும்.